ஒற்றைக்குண்டு

சுடுகிறவர் அவர். வெட்டுகிறவள் நான்.
துவக்குக்குத் தெரியாத கணக்கு
கத்திக்குத் தெரியும்.

போன மாரியில் ஒரு பெட்டைமான்.
நாற்பது யாருக்கு அங்காலே விழுந்ததாம்.
"எஸ்.ஜி. தோட்டா, தப்பவே தப்பாது"
என்று முற்றத்தில் இறக்கினார்.
தப்பவில்லைத்தான்.
ஒன்பது சன்னத்தில் இரண்டு சப்பையில்,
ஒன்று தொடையில், ஒன்று முள்ளந்தண்டில்,
ஒன்று வயிற்றில்.
மற்ற நாலும் முதிரை மரத்துக்கு.

சப்பையைப் பிளந்தேன்.
கத்தரிப்பூ நிறத்தில்
இரத்தம் கட்டிக் கிடந்தது, களி மாதிரி.
வயிறு கிழிந்து
அரைபட்ட புல் விலாவெல்லாம் அப்பியிருந்தது.
கழுவினேன். உப்புப் போட்டுக் கழுவினேன்.
புளி கரைத்தும் கழுவினேன்.
நாயிரண்டும் அன்றைக்கு
எங்களைவிட நன்றாகச் சாப்பிட்டன.

என் விரலுக்குத் தப்பிய ஒரு சன்னம்
தவமலரின் வாயில் கடிபட்டது.
"பாற்பல்லுத்தானே, எப்பிடியும் விழுகிறது" என்றார்.
பல்லைக் கூரையில் எறிந்தேன்.
ஈயத்தைப் பால்மாப் பேணிக்குள் போட்டுவைத்தேன்.

அடுத்தமுறை வவுனியாவுக்கு
நானும் பஸ் ஏறினேன், பேணியோடு.
சவிரியான் கடையில் பேணியைக் கவிழ்த்தேன்.
கண்ணாடி மேசையில் உருண்டோடியது
எங்கள் வீட்டு இரண்டு வருச இறைச்சி.
"அப்ப எல்.ஜி. தரட்டோ? ஆறுதான்."
ஆறும் ஆறு திசை.
"ஒற்றைக்குண்டு இருக்கு. அது ஆனைக்கெண்டெல்லோ
வாங்கிறவை."
அதில் அஞ்சு தாங்கோ.

பஸ்ஸில் முறிகண்டி வரைக்கும் அவர் பேசவில்லை.
பிறகு கேட்டார்:
"ஒண்டுதானே. பிழைச்சால்?"
பிழைச்சால் முழுசாய்ப் போகட்டும்.
நாலு நாள் நொண்டித் திரிந்து
நரிக்குப் போகிறதைவிட.
"கிட்டப் போக வேணும்."
கிட்டப் போங்கோ.

வீரையடி மோட்டைக்கு மேலே
பரண் கட்டிக்கொண்டு இருந்தார்.
முதல்நாள் வெறுங்கை. இரண்டாம்நாள் வெறுங்கை.
மூன்றாம்நாள் ஒரு வெடி கேட்டது,
பின்னால் அவர் மட்டும் வந்தார்.
மரவள்ளியும் சம்பலும் வைத்தேன்.
பிள்ளைகள் அவரைப் பார்க்கவில்லை,
என்னைப் பார்த்தார்கள்.

நாலாம்நாள் விடியப்புறம் கலைமான்.
சப்பைக்குப் பின்னால், விலாவுக்குள்
பெருவிரல் போகும் ஓட்டை.
மறுபக்கம் கோழிமுட்டை அளவு.
நெஞ்சாங்குலை இல்லை.
ஈரல் முழுசு. இரண்டு சப்பையும் முழுசு.
கழிவென்று ஒதுக்கியது
வாழையிலைத் துண்டில் ஒரு கைப்பிடி.
நாயிரண்டும் செக்கல் வரைக்கும்
கிணற்றடியில் இருந்து
என்னைத் துரோகி மாதிரிப் பார்த்தன.

அரைவாசியை வத்தலுக்கு வார்ந்து
கொடியில் போட்டேன்.
அயலுக்கு நாலு பங்கு போனது.
இவ்வளவு மிச்சம் ஒருநாளும் கண்டதில்லை,
ஆனால் அந்த மூன்று மரவள்ளி இரவை
எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று
எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

இராத்திரி கோப்பையைத் தள்ளிவைத்தார்.
"இருவது அடிதான் இருக்கும்" என்றார்.
"இமைமயிர் தெரிஞ்சது.
ஒரு இலையான் இருந்தது கண்ணோரத்தில.
அது இமைச்சுக் கலைச்சது. அதுக்குப் பிறகுதான்..."

நாற்பது யாரில்
இமை தெரியாது.
அதைக் கடையில் நான் எண்ணவில்லை,
சவிரியானும் சொல்லவில்லை.

மறுநாள் மத்தியானம் சாப்பிட்டார்.
இரண்டாந்தரமும் வாங்கிச் சாப்பிட்டார்.
பெட்டியில் இன்னும் மூன்று இருக்கிறது.