நூற்றைம்பத்தாறு ஜீபி

கச்சேரிக்கு எதிர்ப்புறம் என் கடை.
கடை என்றால் ஒரு மேசை, ஒரு லேப்டொப், ஒரு காற்றாடி.
செவ்வாய்க்கிழமை பத்தரைக்கு
யாருடையதோ காணி உறுதியைச் சேமிக்கப் போக
இடமில்லை என்றது.
நீலக் கோடு சிவந்து
விளிம்புவரை வந்து நின்றது,
மார்கழி மழையில் வில்லூன்றிக் கான்போல.

எல்லாரையும் போல முதலில்
குப்பைத்தொட்டியைக் கவிழ்த்தேன். முந்நூறு எம்பி.
பிறகு தங்கச்சியின் கலியாண வீடியோ:
தாலி கட்டுவது பதினொரு விநாடி,
பந்தியில் யாரோ அப்பளம் கேட்பது இரண்டு மணித்தியாலம்.
பென்டிரைவில் ஏற்றிவிட்டு அழித்தேன். நாலு ஜீபி.
சில நாளில் அதையும் ஏதோ தின்று முடித்தது.

வாசலில் ஒரு புள்ளிமான்
நான் கசக்கி எறிந்த பிழைப் பிரதியை
மென்றபடி நின்றது.
இந்த ஊரில் கடதாசி தின்னும் மானை யாரும் விரட்டுவதில்லை.
கடதாசிக்கு அப்படியொரு முடிவாவது உண்டு.

"பழைய மனுவெல்லாத்தையும் அழியுங்கோ அக்கா"
என்றான் றிஸ்லான், பக்கத்துப் போன் கடைப் பொடியன்.
"ஒம்பது வருசத்து மனு. ஆர் திரும்பக் கேக்கப்போறது?"

யசிந்தா அக்கா கேட்பார்.
மாதத்தில் ஒரு நாள் பாலையூற்றிலிருந்து வருவார்,
குடையை மடக்கி மேசைக்காலில் சாய்ப்பார்.
"போன மாசத்தையே எடு பிள்ளை,
திகதியை மட்டும் மாத்து."
மாற்றுவேன்.
ஒருமுறை
'எனது பத்தொன்பது வயது மகன்' என்ற இடத்தில்
விரல் நின்றது.
வயதையும் மாற்றவா என்று நான் கேட்கவில்லை.
அவரும் சொல்லவில்லை.

அந்தக் கோப்புறையின் அளவைப் பார்த்தேன்.
நூற்றேழு மனு, படத்தோடு சேர்த்து
ஏழு எம்பி.
பள்ளிக்கூட அடையாள அட்டையில் வெட்டிய படம் அது,
பெரிதாக்கினால் கன்னம் கட்டம் கட்டமாக உடையும்.
ஒன்பது வருடத்துக்கும் சேர்த்து
இரண்டு சினிமாப் பாட்டின் இடம்கூட இல்லை.

இரவு கடையைச் சாத்தவில்லை.
எது எவ்வளவு பிடிக்கிறது என்று காட்டும்
சின்ன மென்பொருள் ஒன்றை இறக்கினேன்.
திரை முழுக்கப் பெட்டிகள்,
பத்துப் பேர்ச், ஆறு பேர்ச் துண்டுகளைப் போல.
பாதித் திரையை
ஒரே பெட்டி பிடித்திருந்தது,
பெயர்ப்பலகை இல்லாமல்.

திறக்கப் பார்த்தால் லேப்டொப் மூச்சுத் திணறியது.
கடைசி வரிகளை மட்டும்
றிஸ்லான் எப்படியோ உருவி எடுத்தான்:

பிரிண்டரைத் தேடுகிறது. கிடைக்கவில்லை.
பிரிண்டரைத் தேடுகிறது. கிடைக்கவில்லை.
பிரிண்டரைத் தேடுகிறது.

விநாடிக்கு நாற்பது தடவை.
மூன்று வருடமாக, கடை திறந்திருந்த நேரமெல்லாம்.

அந்தப் பழைய பிரிண்டரை
நிலாவெளி விடுதிக்காரர் ஒருவருக்கு ஆறாயிரத்துக்கு விற்றேன்.
வயரைக் கழற்றினேன்,
மேசையில் அதன் நாலு கால் தடத்தைத் துடைத்தேன்,
இதற்குச் சொல்லத்தான் மறந்துபோனேன்.

"விசர் பிடிச்ச மெசின்" என்று சிரித்தான் றிஸ்லான்.
நானும் சிரித்தேன், கொஞ்சம்.
துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதியது.
ஒரே அழுத்து. போய்விட்டது.
பிரிண்டரின் பெயரையும் பட்டியலிலிருந்து எடுத்தேன்,
இனித் தேடாது.

வெள்ளிக்கிழமை யசிந்தா அக்கா வந்தார்.
குடை. மேசைக்கால்.
"இண்டைக்கு மெசின் கெதியா ஓடுது" என்றார்.
"ஓம் அக்கா, இல்லாத ஒண்டைத் தேடிக்கொண்டு..."
என்று தொடங்கியவள்
இருமினேன்,
தண்ணீர் குடித்தேன்,
திகதி என்ன என்று கேட்டேன்.
என் தலைக்கு நேரே கலண்டர் தொங்கியது.
அவர் சொன்னார்.

நூற்றெட்டாவது.
அறுபத்தைந்து கேபி.
கோடு அசையவே இல்லை.