கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

தார்த்து, பிப்ரவரி, காலை எட்டேகால்.
இன்னும் விடியவில்லை.
இரவுப் பணி முடித்து நேராக வந்திருக்கிறார்
செவிலியர் ஹெல்வே.
கோட்டின் தோளில் எஸ்தோனியப் பனி,
கையில் குடித்து முடிக்காத காப்பி.
"உங்களைச் சோதிக்கவில்லை,
திரையைத்தான் சோதிக்கிறோம்" என்றேன்.
வருகிற எல்லாரிடமும் இதைத்தான் சொல்வேன்.
யாரும் நம்பியதில்லை.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம்
ஆறு மாணவர்கள், ஆறு பென்சில்கள்.
ஒரே விதி: உதவக் கூடாது.

வேலை எளியது.
இல்லாத ஒரு நோயாளி, வயது எழுபத்தொன்று,
பெனிசிலின் ஒவ்வாது.
அதைப் பதிய வேண்டும், அவ்வளவே.

'நோயாளி விவரம்' திறந்தார். இல்லை.
'வரலாறு'. அங்கும் இல்லை.
'மற்றவை'க்குள் இன்னொரு 'மற்றவை' இருந்தது.
"மன்னிக்கவும்" என்றார், திரையிடம்.
த்ரீனுவின் விரல் கண்ணாடியைத் தட்டப் போனது;
பிடித்துக்கொண்டேன்.
சொடுக்கை எண்ணியது போதும்,
மன்னிப்பை எண்ணு.

பத்தொன்பதாம் சொடுக்கில்
மஞ்சள் பெட்டி ஒன்று எழுந்தது.
நேற்றிரவு நான் எழுதி ஒளித்த வரி அதில்:
'இதைப் படித்தால் கையை உயர்த்துங்கள்.'
'சரி'யை அழுத்தினார்.
பெட்டி போயிற்று.
இமை தாழ்ந்து எழும் நேரம்கூட ஆகவில்லை.

யாரோ சிரித்தார்கள்.
சீம் சிரிக்கவில்லை.
கோடை விடுமுறை வேலையில்
அந்தச் 'சரி'யை விரலருகே நகர்த்தி வைத்தவன் அவன்.
வேகமாக இருக்கட்டும் என்றுதான்.

எங்கள் பக்கம் வந்து அமர்ந்தபோது கேட்டேன்:
மஞ்சளில் என்ன எழுதியிருந்தது?
"எந்த மஞ்சள்?"
சற்றுக் கழித்து,
"ஓ, அதுவா. ஓர் இரவில் இருநூறு வரும்.
ஒவ்வொன்றுக்கும் நின்றால்
மணி அடிப்பவரிடம் யார் போவது?"

குற்றம் சாட்டும் குரல் இல்லை.
பேருந்து நேரம் சொல்வது போலச் சொன்னார்.

மன்னிப்புகள் ஏழு.
ஒரு தாளில் மட்டும் எட்டு.
எட்டாவது காப்பி சிந்தியதற்கு,
அதையும் சேர்க்கலாமா என்று
பத்து நிமிடம் வாதாடினோம்.

கிளம்புமுன் கைகழுவப் போனார்.
விரலிடுக்கு, நகக்கண், புறங்கை,
எதையும் விடாமல் தேய்த்தார்,
இடது மணிக்கட்டை மட்டும்
நீருக்கு வெளியே தூக்கிப் பிடித்தபடி.
அதில் நீலப் பேனாவில் நான்கு எண்கள்.

"அது என்ன?" சீம்தான் கேட்டான்.

பார்த்தார். முகம் மாறியது.
"ஒன்பதாம் அறை.
எங்கே பதிவதென்று தேடிக்கொண்டிருந்தேன்,
அதற்குள் மணி அடித்தது.
இங்கே தொலைபேசி இருக்கிறதா?"