எண்ணெய் படாத கை

தெமிர்தாவில் மார்ச்சும் குளிர்காலம்தான்.
விரல் கணுக்களில் வெடிப்பு.
களிம்பு லாக்கரில் கிடக்கிறது,
பணி முடியும்வரை தொடக் கூடாது.
வாசலில் எழுதியிருக்கிறது
கசாக்கில் ஒரு முறை, ரஷ்யனில் ஒரு முறை:
எண்ணெய், கொழுப்பு, உதட்டுச் சாயம்
எதுவும் உள்ளே வராதே.

ஒட்டாத உறவை
எண்ணெயும் தண்ணீரும் என்பார்கள்.
இது அப்படியில்லை.
இவை இரண்டும் நன்றாக ஒட்டும்.
பிறகு தீப்பெட்டி தேவைப்படாது.

காற்றைக் குளிர்வித்துத் திரவமாக்கி
கோபுரத்துக்குள் மறுபடி கொதிக்க விடுகிறோம்.
நைட்ரஜன் அவசரக்காரன், முதலில் கிளம்பிவிடுவான்.
ஆர்கான்
செருப்பைத் தேடும் விருந்தாளி மாதிரி
போகிறேன் போகிறேன் என்று நிற்கும்,
வெறும் மூன்று டிகிரி இடைவெளியில்.
அடியில் தங்குவது வெளிர் நீலம்.
காந்தத்தின் முனைகளுக்கிடையே ஊற்றினால்
விழாமல் தொங்கிக்கொண்டே கொதிக்கும்.
அதை முதலில் பார்த்த இரவு
வீட்டில் எப்படிச் சொல்வதென்று தெரியாமல்
பாத்திரம் கழுவினேன்.

என் வேலை எண் பார்ப்பது.
தொண்ணூற்றொன்பது புள்ளி ஆறு.
புள்ளிக்குப் பின்னால் வருவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
ஐந்துக்குக் கீழே இறங்கினால்
உருக்காலையிலிருந்து போன் வரும்.
இரும்புக் குழம்பில் பாய்ந்து
இருபது நிமிடத்தில் கரியைத் தின்று தீர்க்க வேண்டியது
நைட்ரஜனையும் கூட்டிக்கொண்டு போனால்
பிறக்கிற எஃகு நொறுங்கும்.

அது எரியாது.
எரிகிறவர்களுக்குத் துணை நிற்கும், அவ்வளவுதான்.

வலேரி
வால்வு அறையில் கசிவைச் சரிசெய்துவிட்டு
வெளியே வந்து சிகரெட் பற்றவைத்தார்.
கம்பளிச் சட்டையின் இழைக்கு இழை
அது குடியிருந்தது அவருக்குத் தெரியவில்லை.
தெரியும். கால் மணி நேரம் காற்றாட நிற்க வேண்டும்,
பொறுக்கவில்லை.
பிழைத்துக்கொண்டார்.
இப்போது மகளின் பிறந்தநாள் கேக்கில்
மெழுகுவத்தி ஏற்றும்போது
சமையலறைக் கதவோரம் நின்று கைதட்டுகிறார்.

இன்று நவ்ரூஸ்.
ஒரால்பெக் செய்தித்தாளில் சுற்றிய பவுர்சாக்கோடு வருகிறான்,
எண்ணெயில் பொரித்த மாவு, இன்னும் சூடு.
தாளில் வட்ட வட்டமாய்க் கறை.
"ஒன்றே ஒன்று, ஷோல்பான்,
பண்டிகையும் அதுவுமாய்!"
வாசலை மறித்து நிற்கிறேன்.
கையைக் காட்டு என்கிறேன்.
சிரிக்கிறான்.
சோப்பு, வெந்நீர், மறுபடி சோப்பு,
கையுறை புதிது, சட்டை மாற்று.
முகம் சுண்டிப் போய்விட்டது அவனுக்கு.
பொட்டலம் வெளியே பனித்திட்டின்மேல்.

மாலை ஆறரைக்கு அதை எடுத்தேன்.
கல்லாய் இறுகியிருந்தது.
வேலிக்கு வெளியே நின்று கடித்தேன்,
இருபத்தொன்றே சதவீதமான,
நிலக்கரிப் புகை கலந்த காற்றை
நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டு.
நல்ல ருசி.

பிறகு லாக்கர். களிம்பு.
கணுக்கணுவாய்த் தேய்த்தேன், தாராளமாக.
வீட்டுக் கதவின் குமிழ்
வழுக்கிக்கொண்டே இருந்தது.
உள்ளிருந்து யாராவது திறக்கட்டும் என்று
நின்றேன்.