ஒட்டும் உறவும்

மணி இரண்டு.
கிண்ணத்தில் கிடப்பதும் மணிதான்.
கடுகை நூறாய்ப் பிளந்தால் வரும் ஒரு துண்டளவு
பிளாஸ்டிக் உருண்டை,
மேலே பிசுபிசுவென்று ஒரு பூச்சு.

எலிக்குஞ்சின் மூளையிலிருந்து வந்த நியூரான்
மூன்று நாளாய் இழை நீட்டி
கண்ணாடித் தரையைத் தடவிக்கொண்டிருந்தது.
இப்போது மணியில் முட்டி நின்றுவிட்டது.

வா, பார் என்றாள் நெரீனா.
முட்டிய இடத்தில் இழை பருத்திருந்தது.
உள்ளே குட்டிக் குட்டிப் பைகள்
சொல்ல வேண்டியதைச் சுமந்தபடி
முண்டியடித்து வந்து நிற்கின்றன.

எதிரில் யாருமில்லையே என்றேன்.
அதற்குத் தெரியாது என்றாள்,
பல்லிடுக்கில் பேனா மூடியோடு.

ஒட்டுமில்லை உறவுமில்லை என்பார்கள்.
இங்கே ஒட்டு இருக்கிறது.

கண்ணாடி ஊசியால் மணியைப் பற்றி இழுத்தாள்.
விட்டுவிடும் என்றுதான் நினைத்தேன்.
இழை பின்னாலேயே வந்தது,
மெலிந்து, நீண்டு,
முன்பு இல்லாத நீளத்துக்கு.
அவசரப்பட்டால் அறும்.
பதினொன்று அறுந்திருந்தன;
குறிப்பேட்டில் எழுதியது நான்தான்:
அறுந்தது. அறுந்தது. மணி தொலைந்தது. அறுந்தது.

பன்னிரண்டாவதை
வெட்டவெளிக்கு அப்பால், இன்னொரு நியூரானின் தோளில்
இறக்கிவைத்துவிட்டு
மூச்சு விட்டாள்.
நாளைக்குத்தான் தெரியும், பேசுமா என்று.

வெளியே போரா.
த்ரியெஸ்தேயில் மலையிலிருந்து இறங்கி
ஆளைக் கடலுக்குத் தள்ளும் காற்று.
முனையில் கயிறு கட்டியிருந்தார்கள்,
நீல நைலான்.
பற்றினேன்.
நீ யார் என்று கேட்கவில்லை கை.

பாதித் தெருவில் கயிறு உதறியது.
என் நடுக்கமில்லை அது,
வேறு தாளம்.
மறுமுனையிலிருந்து எவரோ வருகிறார்.
ஏதோ கத்தினார்; சொற்களைக் காற்று கொண்டுபோனது.

வெள்ளைச் சட்டை. ரொட்டி அடுப்புக்குப் போகிற ஆள்.
ஒருவர் கயிற்றை விட்டால்தான் மற்றவர் நகரலாம்.
இருவரும் விடவில்லை.
கடைசியில் அவர் என் சட்டைக் கையைப் பிடிக்க
நான் அவர் பெல்ட்டைப் பிடிக்க
சுற்றிக்கொண்டு, மிதித்துக்கொண்டு
இடம் மாறினோம்.
பெயர் கேட்க வாய் திறந்தால் காற்றுதான் நுழைந்தது.

காலையில் திரையில்
கோடு நேராகவே ஓடிக்கொண்டிருந்தது.
கோட்டில் என்ன, மாவா? என்றாள் நெரீனா.
முழங்கையில் ஐந்து விரல், வெள்ளையாய்.

தட்டிவிடவில்லை.
இன்னும் ஒரு மணி பார்ப்போம் என்றேன்.