வயதுச் சான்று

நதிமூலம் ரிஷிமூலம் கேட்கக் கூடாது என்பார்கள்.
டீம் ஆற்றுக்கு மூலம் தெரியும்:
வேல்ஸ் மலையில் ஆடு மேயும் ஓர் ஈரச் சரிவு.
ஓர்மெனில் குலத்துக்குத்தான்
ஆறு முழத் தோல்சுருள் வேண்டியிருக்கிறது.

லட்லோ ஆவண அறை.
பேனாவை வாசலில் வாங்கிக்கொண்டு
ஒரு பென்சில் தந்தார்கள்.
சுருளின் இரு முனையிலும் மணல் மூட்டை வைத்துப் பிரித்தேன்.

சிவப்பு மசி வட்டங்கள். உள்ளே ஆண்கள்.
நார்மண்டியிலிருந்து குதிரையோடு படகேறிய துர்ஸ்தன்.
துர்ஸ்தன் மகன் ராவுல்.
ராவுல் மகன் வால்கெலின்,
ஊரார் விறகு பொறுக்கிய காட்டை
வேலி போட்டுத் தன் மான்களுக்குக் கொடுத்தவன்.
அவன் மகன் மறுபடி ஒரு துர்ஸ்தன்.
அவனுக்கும் கீழே இருப்பவனுக்கும் நடுவில்
கத்தியால் சுரண்டிய தடம்.
சாய்த்து வைத்து வெளிச்சத்தில் பார்த்தேன்.
ஓர் எழுத்தின் வால் மட்டும் மிச்சம்.
அடித்தது யாரை என்று தோல் சொல்லவில்லை.

கொடிவழி என்கிறோம் நாம்.
ஏழாவது கணுவில் இந்தக் கொடி
ஒரு சிறுமியிடம் வந்து நின்றுவிட்டது.
அமீசியா.
தகப்பன் கஸ்கொனிப் போரில், ஆனால் பேதியில், போனான்.
மூன்று வயதில் அவள் அரசனின் உடைமை.
அரசன் அவளை ஒரு பிரபுவுக்கு விற்றான்.
பிரபு தன் அண்ணன் மகனுக்குக் கட்டி வைத்தான்.
ஆலையும் இரண்டு ஊரும் விலாங்கு மடையும்
அவள் பேருக்கு வர
பதினான்கு நிறைந்திருக்க வேண்டும்.

பிறப்பை எழுதிவைக்கும் ஏடு அந்நாளில் இல்லை.
பன்னிரண்டு பேரை அழைத்தார்கள்.
இவள் பிறந்த நாள் உனக்கு எப்படித் தெரியும்?

ரெஜினால்ட், பாலத்தடிக்காரன், வயது அறுபது:
அன்றுதான் பீப்பாய் உருண்டு என் இடது கால் முறிந்தது.
ஆடம், செருப்புத் தைப்பவன், நாற்பத்தெட்டு:
அந்த வாரம் என் கடை எரிந்தது.
ஹேமோ, தச்சன்:
என் தம்பி அதே திங்கட்கிழமை ஆற்றோடு போனான்.

ஒரு சீமாட்டியின் பிறந்தநாள்
முறிந்த எலும்பிலும் கரிந்த கூரையிலும்
குறித்து வைக்கப்பட்டிருந்தது என்று
அவசரமாக எழுதிக்கொண்டேன். பெருமையாகக்கூட இருந்தது.

பக்கத்து மாவட்டச் சுருளைப் பிரிக்கும் வரை.
அங்கே வேறு குலம், வேறு வாரிசு.
பாலத்தடியில் இன்னொருவன்.
அதே பீப்பாய். அதே இடது கால்.
மூன்றாவது சுருளிலும் தம்பி திங்கட்கிழமை மூழ்குகிறான்.

எழுத்தர்கள் பார்த்து எழுதியிருக்கிறார்கள்.
குளிர்காலமாக இருந்திருக்கும்,
சாட்சிகளை நடக்க வைப்பானேன் என்று.
அப்படியென்றால் அமீசியாவுக்குப் பதின்மூன்று இருக்கலாம்.
பன்னிரண்டும் இருக்கலாம்.

எழுதியதை அடித்தேன். பென்சில் என்பதால் அழித்தேன்.

ஒன்பதாவது சாட்சி மட்டும்
தேடிய எந்தச் சுருளிலும் திரும்ப வரவில்லை.
ஜெர்வாஸ், தோல் பதனிடுபவன். வயது தெரியாது:
நாள் எனக்கு நினைவில்லை, ஐயா.
எங்கள் பிள்ளையைப் புதைத்த மறுநாள்
கோட்டையிலிருந்து ஆள் வந்தது
என் மனைவியின் பாலுக்கு.
இரண்டு வருடம் கழித்துத்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அதன் கீழே எழுத்தர் எழுதியிருக்கிறார்:
மற்றவர்களோடு ஒத்துப்போகிறது.
அதற்கும் கீழே:
உடல் தோற்றத்தைப் பார்த்தும் வயது நிறைந்தவளே.

பார்த்தது யார், எந்த அறையில்,
கதவு சாத்தியிருந்ததா
என்று ஒரு வரி இல்லை.

ஜெர்வாஸின் மனைவிக்கு வட்டம் இல்லை, பெயர் இல்லை.
சுரண்டிய தடம்கூட இல்லை.

ஐந்து மணிக்கு மணி அடித்தார்கள்.
சுருளை அடியிலிருந்து சுருட்ட வேண்டும், அதுதான் விதி.
முதலில் அமீசியா உள்ளே போனாள்.
அப்புறம் அவள் தகப்பன், காடு, மான்கள்.
கடைசியில் மேலே தெரிந்தது துர்ஸ்தன்,
இன்னும் படகிலிருந்து இறங்காமல்.

கையில் ஆட்டு வாடை.
அதைக் கழுவிவிட்டுத்தான் ரொட்டியைப் பிரித்தேன்.