வாசிக்க மட்டும்

முதுநகரில், ஐஸ் பேக்டரிக்கு எதிர் மாடியில்,
இரண்டு மணி நேரமாக ஒரே வாக்கியத்தில் நிற்கிறேன்:
இந்தக் கருவி தரவைப் படிக்கும், மாற்றாது.
கீழே பாளம் பாளமாய் உடைபடுகிறது பனிக்கட்டி.

மனிதருக்கு எழுதிப் பழகிய கை.
மனிதர் யாரும் கையேட்டைப் படிப்பதில்லை;
அந்தத் தைரியத்தில்தான்
பதினோரு வருடம் சம்பளம் வாங்கினேன்.
இப்போது வாசிக்கப்போவது ஏஜென்ட்.
கடைசிக் காற்புள்ளி வரைக்கும் படிக்கும்.
'முடிந்தவரை தவிர்க்கவும்' என்று எழுதினால்
முடியாத இடத்தைத் தேடிப் போகும்.
'பொதுவாக' என்றால்
பொதுவில் சேராத ஒன்றைக்
கையோடு கூட்டிவரும்.

'மாற்றாதே' என்று எழுதி, அழித்தேன்.
அது கெஞ்சல்.
'மாற்றக் கூடாது':
பள்ளிக்கூடச் சுவர்.
'மாற்ற இயலாது' என்று எழுதத்தான் ஆசை,
அந்தச் சொல்லுக்குப் பின்னால்
நிஜமாகவே ஒரு பூட்டு தொங்க வேண்டும்.

புதுச்சேரி ஆபீசில் முபாரக்கைப் பிடித்தேன்.
பூட்டு போட்டாச்சா?
"செலக்ட் மட்டும் உள்ளே.
இன்சர்ட், அப்டேட், டெலீட் எல்லாம்
செருப்பு மாதிரி வாசலோட சரிக்கா."

மாதிரிக்கு எடுத்துக்கொண்டது
துறைமுக டோக்கன் பதிவேட்டின் நகல்:
படகு எண், ஆட்கள், போன நேரம், வந்த நேரம்.
நேற்றுப் போனவை எத்தனை, திரும்பியவை எத்தனை?
நாற்பத்து மூன்று போனது,
நாற்பத்து இரண்டு வந்தது.
ஒரு கட்டம் காலி.

ஏஜென்டுக்கு அது பொறுக்கவில்லை.
இந்தப் படகு வழக்கமாகப் பதினான்கு மணி நேரத்தில் திரும்பும்,
அதிகாலை நாலு பத்துக்குப் போயிருக்கிறது,
ஆகவே மாலை ஆறு பத்து
என்று நிரப்பப் போனது.
பூட்டு திறக்கவில்லை.
கேள்வியின் வயிற்றுக்குள் அப்டேட்டை ஒளித்துக்கொண்டு
இன்னொரு தரம் வந்தது.
திறக்கவில்லை.
மூன்றாம் தரம்
ஒழுங்காய்ச் சொன்னது:
'ஒரு படகின் வந்த நேரம் பதிவாகவில்லை.
திரும்பியதா என்று எனக்குத் தெரியாது.'

அந்தக் கெட்டிக்காரத்தனமான ஆறு பத்து
பதிவேட்டில் ஏறியிருந்தால்
யாரும் தேடிப் போயிருக்க மாட்டார்கள்.

பிழைச் செய்தியைத் திருத்தி எழுதினேன்:
எழுத அனுமதி இல்லை. உன் கேள்வியில் தவறில்லை.
மீண்டும் முயலாதே. பார்த்ததைச் சொல்.
கீழே ஒரு குறிப்பு:
காலி என்பது பூஜ்யம் அல்ல.
காலியைக் கூட்டாதே, சராசரியில் சேர்க்காதே.
காலியைக் காலி என்றே திருப்பிக் கொடு.

டீக்கு இறங்கியவள் உப்பனாற்றுக் கரைக்கே போய்விட்டேன்.
ஏலக்கொட்டகை ஓரம் நாலு பெண்கள்.
ஒருத்தி போனைக் காதிலிருந்து எடுக்கிறாள்,
பார்க்கிறாள், மறுபடி வைக்கிறாள்.
அவர்கள்தானா என்றுகூடத் தெரியாது.
கேட்க வாயெடுத்தேன்.
எனக்கு அங்கே
என்ன அனுமதி?
டீ கூடக் குடிக்காமல் மாடியேறினேன்.

மறுநாள் நகல் புதுப்பித்தபோது
கட்டத்தில் மூன்று இருபத்தைந்து.
இஞ்சின் பழுது,
பரங்கிப்பேட்டைப் படகு கட்டியிழுத்து வந்தது.
எழுதியது யார்?
அந்த டேபிளில் அதற்கு ஒரு பத்தி இல்லை.
முதல் முறையாக அது குறையாய்ப் பட்டது,
முபாரக்குக்கு ஒரு டிக்கெட் போட்டேன்.

"அப்படியே மாதிரியையும் மாத்திடுக்கா,
டேட்டா இப்ப முழுசா இருக்கே."
படகு எண்ணை மாற்றினேன்.
உரிமையாளர் பெயரைக் கோசலநாதன் ஆக்கினேன்,
அப்படி யாரும் அந்தப் பதிவேட்டில் இல்லை
என்று ஒரு குவெரி ஓட்டிப் பார்த்துவிட்டு.
அந்தக் கட்டத்தை மட்டும் தொடவில்லை.

பக்கம் ஒன்பது, மூன்றாவது வரிசை:
கோசலநாதன், ஆறு ஆட்கள், நாலு பத்து.
அப்புறம் ஒன்றுமில்லை.