நாற்பத்தெட்டு மீட்டர் கறுப்பு

மந்தாரக்குப்பம் கடைவீதியில்
என் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது.
தையல்நாயகி என்று பெற்றவர்கள் வைத்ததே
போதுமென்று விட்டுவிட்டேன்.

சங்கத் தேர்தல் வருகிறது.
ஐந்து சங்கம், ஐந்து நிறம்,
எல்லாவற்றுக்கும் ஒரே ஓர மடிப்பு.
யார் ஜெயிப்பார்கள் என்று
ஓட்டு எண்ணுமுன்பே எனக்குத் தெரிந்துவிடும்:
கூலியைக் கடன் சொல்லாதவர்கள்.

திங்கட்கிழமை ராசவேலு வந்தான்.
சுரங்கத்தில் ஒப்பந்தக் கூலி.
நிரந்தரம் கேட்டு உண்ணாவிரதமாம்,
பந்தலுக்குச் சிவப்பு. முன்பணம் பாதி.
செவ்வாய்க்கிழமை அவன் அப்பா கொளஞ்சியப்பன்
நாலு பேரோடு வந்தார்.
நிலம் தரமாட்டோம் என்று ஊர்வலமாம்,
கறுப்பு, நாற்பத்தெட்டு மீட்டர்,
நூற்றிருபது கொடி, வெள்ளிக்குள்.
ரசீதுப் புத்தகத்தில் அடுத்தடுத்த பக்கம்.
கார்பன் தாள் நகர்ந்து
மகன் கணக்கு அப்பன் கணக்கின்மேல்
லேசாக விழுந்திருந்தது.

என் வீட்டுக்காரர் பெல்ட்டுக்கு அடியில் கரி கூட்டுகிறார்.
பத்தொன்பது வருஷம்.
அடையாள அட்டை வருஷா வருஷம் புதுசு,
அதில் இருக்கிற ஆள்தான் பழசு.

தம்பிக்கு ஒன்றரை ஏக்கர்.
அவன் போர் எழுநூறு அடியில் இருமுகிறது.
சுரங்கம் உறிஞ்சி வெளியே தள்ளும் தண்ணீர்
வாய்க்காலில் வந்தால்தான் நடவு.
பகலெல்லாம் சுரங்கத்தைத் திட்டுவான்;
ராத்திரி, மோட்டார் போட்டாயிற்றா என்று
காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருப்பான்.

ஓட்டு கேட்டு வந்த அண்ணன்
கிராமத்தில் 'மண்ணைக் காப்போம்' என்றார்.
டவுன்ஷிப் வளைவைத் தாண்டியதும்
'வேலையைக் காப்போம்'.
இடையில் மூன்று கிலோமீட்டர்.
வேனும் மாறவில்லை, தோள் துண்டும் மாறவில்லை.
துண்டு நான் ஓரம் அடித்தது.

புதன்கிழமை ஒரு பையன்,
கழுத்தில் டேக், காலில் நல்ல ஷூ.
சோலார் தகடு துடைக்கிற துணிக்கு
ஓரம் அடித்துத் தருவீர்களா அக்கா, முந்நூறு?
எங்கே தம்பி?
மூடின சுரங்கத்து மேட்டுல.
எத்தனை பேர் துடைப்பீங்க?
ஆறு பேர். அடுத்த வருஷம் மெஷின் வந்துடும்.
வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன்.
என்ன வயசு என்றான்.
சொன்னேன்.
அவன் துணியை எண்ணத் தொடங்கினான்.

வியாழன் ராத்திரி கரண்ட் போனது,
முப்பத்தொரு கொடி பாக்கி.
வாசலில் நின்றால் அனல்மின் நிலையம் தெரியும்,
கல்யாண வீடு மாதிரி அத்தனை விளக்கு.
மெழுகுவர்த்தியில் கறுப்பின்மேல் கறுப்பு நூல்,
விரலில் இரண்டு குத்து.

வெள்ளி காலை கொளஞ்சியப்பன் எண்ணிப் பார்த்தார்.
நூற்றிருபது.
பணம் எடுத்தார், பாங்கு பட்டி கிழியாத கட்டு.
எந்தப் பணம் என்று நான் கேட்கவில்லை.
அவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.
"பய பாக்கியையும் இதுலயே எடுத்துக்க" என்றார்.
சிவப்புப் பக்கத்தைத் திருப்பி அடித்தேன்.
மிச்சத்துக்குச் சில்லறை இல்லை என்றேன்.
"இருக்கட்டும். இன்னும் பத்துக் கொடி தச்சு வை."
எந்த நிறம் என்று கேட்பதற்குள்
விருத்தாசலம் பஸ் வந்துவிட்டது.